பள்ளி மணியும் ஆலைச் சங்கும்

பள்ளி மணி ஓய்ந்துவிட்டது. ஆலைச் சங்கு ஓயவில்லை. இரண்டுக்கும் இடையே, வீட்டு வாயிற்படியிலே நிற்கிறது குழந்தை.

விடுமுறை! அந்தச் சொல்லைக் கேட்டதும் துள்ளுகிறது பிள்ளையின் உள்ளம். அதே சொல்லைக் கேட்டுத் துணுக்குறுகிறாள் தாய். இறுதித் தேர்வு முடியும் நாளன்று, பள்ளி வாயிலிலே, ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை தேறுவானா என்பதல்ல அது. "சார், மறுபடி பள்ளிக்கூடம் எப்போ திறப்பீங்க? அதுவரைக்கும் இவனை எங்கே விடுறது?" என்பதுதான். திறக்கும் நாளைச் சொல்லிவிடுகிறோம். இரண்டாவது கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் தலை குனிகிறோம்.

கோடை முகாம்கள் இல்லாமலா போயின? சுவர்தோறும் விளம்பரம். நீச்சல், ஓவியம், சதுரங்கம், கணினி. கட்டணத்தைக் கேட்டால் கூலிக்காரனின் ஒரு மாத வருவாய். நேரத்தைக் கேட்டால் காலை பத்து முதல் பகல் ஒன்று வரை. பத்து மணிக்குக் கொண்டுவந்து விட்டு, ஒரு மணிக்கு அழைத்துப் போக, எந்த ஆலையின் வாயில் திறக்கும்? எந்தக் கடை முதலாளி விடை கொடுப்பார்? பணம் உள்ளவர்க்கு நேரமும் உண்டு; நேரம் இல்லாதவர்க்குப் பணமும் இல்லை!

"என்ன செய்வது? அவரவர் தலையெழுத்து" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோர் உண்டு. எழுத்து என்றால் எழுதிய கை ஒன்று இருக்க வேண்டும். பள்ளி நாட்களையும் ஆலை நேரத்தையும் வகுத்தது மனிதர் கை. வகுத்தவை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால், அது விதியின் விளையாட்டன்று. ஏற்பாட்டிலே உள்ள குறை. ஏற்பாட்டை மாற்றலாம். மாற்றிக் காட்டிய மக்கள் இருந்தார்கள். பிரான்சு நாட்டு ஆலைத் தொழிலாளர்கள் அவர்கள். வால்டேரைத் தந்த நாடு என்று அந்நாட்டை நாம் அறிவோம். வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் கோடைக் காலத்தைப் பொதுப்பொறுப்பு ஆக்கிய நாடு என்ற வகையிலே அதனை அறிந்தவர் நம்மிடையே சிலரே. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

பாதிரியாரும் தராசும்

தொடக்கம் பிரான்சிலே அன்று, அண்டை நாடான சுவிட்சர்லாந்திலே. சூரிச் நகரின் பாதிரியார் வால்டர் பியோன். அவர் முன்னர் அப்பென்செல் மலைப்பகுதியிலே பணியாற்றியவர். மலைக்காற்றின் அருமை தெரிந்தவர். நகரத்துச் சந்துகளிலே புகையையும் புழுதியையும் உண்டு வெளிறிக் கிடந்த ஏழைப் பிள்ளைகளைப் பார்த்தார். 1876ஆம் ஆண்டு கோடையிலே 68 குழந்தைகளைத் திரட்டி, ஆசிரியர் துணையோடு, அம்மலைநாட்டுக்கு அனுப்பினார். பாலும் ரொட்டியும் நடையும் விளையாட்டும் தவிர வேறு மருந்தில்லை. வெளிறிப் போனவர்கள் சிவந்து திரும்பினார்கள்.

நெருப்பு பற்றியது போலப் பரவிற்று அம்முயற்சி. பிரான்சிலே 1882ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அரசுப் பள்ளியிலே மதபோதனைக்கு இடமில்லை என்றும் அச்சட்டம் விதித்தது. அடுத்த ஆண்டே, 1883இல், பாரிஸ் நகரின் ஒன்பதாம் வட்டத்திலே, எத்மோன் கொத்தினே என்பார் பள்ளி உதவி நிதியைக் கொண்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பும் பணியைத் தொடங்கினார். பிள்ளைகளைச் சேர்த்து உறையச் செய்யும் அவ்விடங்களுக்கு அவர்கள் இட்ட பெயர் 'கொலோனி'. விடுமுறைக் குடில் என்று நாம் சொல்வோம்.

அக்காலக் குடில்களிலே தவறாமல் இடம்பெற்ற பொருள் ஒன்று உண்டு. தராசு! புறப்படும் முன் பிள்ளையை நிறுத்தனர். திரும்பியபின் மீண்டும் நிறுத்தனர். உயரம் அளந்தனர், மார்பின் சுற்றளவு அளந்தனர். கூடிய எடையே கொடையாளருக்குக் காட்டும் கணக்கு. கணக்குக் காட்டியது தவறன்று. சான்று கேட்பது அறிவுடையோர் வழக்கமே. ஆனால் அந்தத் தராசிலே ஏறாத ஒன்று இருந்தது. அதுதான் தாயின் வேலை நேரம்.

யாருக்கு இடம் கிடைத்தது? மெலிந்த பிள்ளைக்கு, நோய்க்கு இலக்காகக் கூடிய பிள்ளைக்கு, 'தகுதியுள்ள ஏழை' என்று பெரியோர் சான்று தந்த வீட்டுப் பிள்ளைக்கு. எத்தனை நாள்? சில வாரம். நலமாக உள்ள பிள்ளைக்கு? தெரு. மிச்ச வாரங்களுக்கு? தெரு. நெசவாலையிலே நிற்கும் தாய்க்கு ஏற்ற நேரம் எது என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பும் எழவில்லை. இரக்கம் கொடுப்பதைத்தான் கொடுக்கும், வேண்டுவதைக் கொடுக்காது. வேண்டுவதைக் கேட்டுப் பெற உரிமை என்ற ஒன்று வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாதாகோவில்களும் விடுமுறைக் குடில்களை நடத்தின; மிகப் பல நடத்தின. அங்கே பாலோடு பிரார்த்தனையும் பரிமாறப்பட்டது. அரசுப் பள்ளியிலே மதபோதனை நின்றுவிட்ட காலம். விடுமுறையிலேனும் பிள்ளையின் உள்ளத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று ஒரு சாரார் முயன்றனர். விடவே கூடாது என்று மறு சாரார் முனைந்தனர். போட்டி கடுமையாயிற்று. அதிலே ஒரு நன்மையும் விளைந்தது. பிள்ளையின் ஓய்வு நேரம் வெற்று நேரமன்று, அதை யார் பேணுகிறாரோ அவரே நாளைய நாட்டை வகுப்பார் என்பதை இரு தரப்பும் உணர்ந்தன.

புறநகர் காட்டிய வழி

பாரிஸ் நகரைச் சுற்றி வளையமிட்டது போல ஆலைகள் எழுந்தன. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள். அப்புறநகர்களிலே வாக்குச் சீட்டின் வலிமையால் தொழிலாளர் கட்சிகள் நகராட்சிகளைப் பிடித்தன. இரண்டு ஊர்களின் கதை நமக்குப் போதும்.

ஒன்று இவ்ரி. 1925ஆம் ஆண்டு அங்கே நகரத் தலைவர் ஆனார் பொதுவுடைமையாளர் ஜார்ஜ் மரான். அந்நகராட்சி, அட்லாண்டிக் கடற்கரையை அடுத்த லே மாத் என்னும் ஊரிலே, தன் பிள்ளைகளுக்கெனச் சொந்தமாக ஒரு விடுமுறைக் குடிலை அமைத்தது. கடலையே காணாத பிள்ளைகள், பைன் மரக் காட்டிலே படுத்துறங்கிக் கடற்கரை மணலிலே ஓடியாடினார்கள். செலவு நகராட்சியின் பொது நிதி, ஊரார் விழா நடத்தித் திரட்டிய தொகை, பெற்றோர் தம் வருவாய்க்கு ஏற்பத் தந்த பங்கு எனப் பகிரப்பட்டது. கொடையாளரின் கருணைக் கடிதம் தேவைப்படவில்லை. அந்த ஊரிலே பிறந்ததே போதிய தகுதி!

மற்றொன்று சுரேன். 1919 முதல் 1941 வரை அங்கே நகரத் தலைவர் சோசலிசவாதி ஆன்றி செல்லியே. அவர் வேறு வழியைத் தேர்ந்தார். பிள்ளைகளை நியேவ்ர் பகுதியின் உழவர் குடும்பங்களிலே தங்கவைத்தார். ஊரிலிருந்து பிள்ளையை ஏற்றி அனுப்பிவிட்டுக் கைகழுவிவிடவில்லை. மருத்துவர் பார்த்தார், சமூகப் பணியாளர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். அந்தச் செல்லியே 1936இல் நாட்டின் பொது நல்வாழ்வு அமைச்சரே ஆனார்.

வழி இரண்டு, கொள்கை ஒன்று. குழந்தை குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று, ஊருக்கும் உரியது. தண்ணீர்க் குழாயும் தெருவிளக்கும் நகராட்சியின் கடமை என்றால், பள்ளி மூடிய நாளிலே பிள்ளைக்கு நிழல் தருவதும் நகராட்சியின் கடமையே. மாளிகையிலே பிறந்த எண்ணமன்று இது. மன்றத்திலே எழுந்த தீர்மானம்.

1936: ஓய்வும் உரிமையே

1936ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களிலே பிரான்சு நாட்டு ஆலைகள் நின்றன. தொழிலாளர் வெளியே வந்து நிற்கவில்லை, உள்ளேயே அமர்ந்தனர். இயந்திரத்துக்குப் பக்கத்திலே பாய் விரித்துப் படுத்தனர். மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. லியோன் புளூம் தலைமை அமைச்சரானார். ஜூன் 7ஆம் நாள் இரவு, முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் உடன்பாட்டிலே ஒப்பமிட்டனர். ஜூன் 20ஆம் நாள் சட்டம் பிறந்தது. ஆண்டுக்கு இரண்டு வாரம், ஊதியத்தோடு கூடிய விடுமுறை! அதையொட்டி வந்தது வாரத்துக்கு 40 மணி நேர வேலைச் சட்டம்.

விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பேற்ற துணையமைச்சர் லியோ லக்ராஞ்ஜ். விடுமுறை செல்லும் தொழிலாளருக்குத் தொடர்வண்டிக் கட்டணத்திலே 40 விழுக்காடு தள்ளுபடி வாங்கித் தந்தார். "சோம்பேறித்தனத்துக்கு ஓர் அமைச்சரா?" என்று ஏசினர் சீமான்கள். ஆண்டு முழுவதும் ஓய்வெடுப்போர், ஆண்டிலே இரு வாரம் ஓய்வு கேட்டவனைச் சோம்பேறி என்றனர்! கடற்கரைக்கு முதன்முறையாக வந்த கூலிக்காரன் குடும்பத்தைப் பார்த்து முகம் சுளித்தனர். கடல் மட்டும் சுளிக்கவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். தகப்பனுக்குக் கிடைத்தது இரண்டு வாரம். பள்ளியின் கோடை விடுமுறையோ மாதக் கணக்கு. மிச்சமுள்ள வாரங்களிலே பிள்ளை எங்கே? விடுமுறைக் குடிலின் தேவை குறையவில்லை, கூடிற்று. இனி அது மெலிந்த பிள்ளைக்கான மருந்தாக மட்டும் இருக்க முடியாது; வேலைக்குப் போகும் பெற்றோர் யாவரின் பிள்ளைக்கும் உரிய இடமாக மாற வேண்டும். அப்படியே மாறிற்று. 1937இல் விடுமுறைக் குடில் வழிகாட்டிகளுக்கான பயிற்சி தொடங்கியது. பிள்ளையை வரிசையிலே நிறுத்தி மேய்ப்பதன்று வழிகாட்டியின் வேலை. அதன் ஆர்வத்தை அறிந்து ஆடவும் பாடவும் ஆக்கவும் துணைநிற்பதே என்று இளைஞர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. 1938இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, பெற்றோர் வீட்டை விட்டு வெளியே தங்கும் பிள்ளைகளின் பாதுகாப்பைத் தன் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவந்தது.

போர் வந்தது, அழிவு வந்தது, விடுதலையும் வந்தது. 1945ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் ஆணையின்படி, பெரிய தொழில் நிறுவனங்களிலே தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் குழுக்கள் அமைந்தன. நிறுவனத்தின் சமூகப் பணிகளை நடத்தும் பொறுப்பு அவற்றின் கைக்கு வந்தது. முதலாளி மனமிரங்கித் தந்ததைத் தொழிலாளி தானே நடத்தத் தொடங்கினான். 1946இல் மின்சாரமும் எரிவாயுவும் நாட்டுடைமையாயின. அத்துறைகளின் வருவாயிலே 1 விழுக்காடு தொழிலாளரின் சமூகப் பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதிலிருந்து எழுந்தன எண்ணற்ற குடில்கள். சீமான்கள் கைவிட்ட கோட்டைகளையும் மாளிகைகளையும் நகராட்சிகளும் தொழிலாளர் குழுக்களும் வாங்கின. பிரபுக்கள் நடனமாடிய கூடத்திலே, தண்டவாளம் போடுபவனின் மகன் தலையணைச் சண்டை போட்டான்! 1950களிலே கோடைதோறும் இக்குடில்களுக்குச் சென்ற பிள்ளைகளின் எண்ணிக்கை 10 இலட்சத்தைத் தாண்டிற்று.

வெளியூர் செல்லாத பிள்ளைக்கும் வழி பிறந்தது. அந்தந்த ஊரிலேயே பகற்பொழுது மையங்கள் திறக்கப்பட்டன. இன்றும் அவை நடக்கின்றன. பெற்றோர் வேலைக்குப் புறப்படும் நேரத்துக்குக் கதவு திறக்கும். திரும்பும் நேரத்துக்கு மூடும். பகலுணவு அங்கேயே. பல ஊர்களிலே கட்டணம் எல்லார்க்கும் ஒன்றல்ல. குடும்பத்தின் வருவாயைப் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து விதிக்கிறார்கள். வக்கீல் மகனும் வண்டியோட்டி மகனும் ஒரே மேசையிலே உண்கிறார்கள். அவர்தம் தந்தையர் கட்டும் தொகை மட்டும் வேறு. ஏற்பாடு என்றால் இதுவன்றோ ஏற்பாடு!

மலிவு வேறு, எளிது வேறு

புகழ்ந்தே முடித்துவிட்டால் அது வரலாறாகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும். 1969ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், பகற்பொழுது மையம் ஒன்றின் பிள்ளைகள் லுவார் ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ழுவிஞே என்னும் ஊரருகே 19 குழந்தைகள் நீரிலே மூழ்கி மாண்டனர். காலையிலே கையசைத்து அனுப்பிய 19 பிள்ளைகள்! வேலையிலிருந்து திரும்பிய பெற்றோரை எதிர்கொண்ட செய்தி எத்தகையது என்பதை எழுத நம்மிடம் சொல் இல்லை.

எளியோர்க்கு எட்டும் கட்டணம் வேண்டும் என்கிறோம். அதற்கு மலிவான காவல் என்று பொருளன்று. பிள்ளை இத்தனை பேருக்குப் பயிற்சி பெற்றவர் இத்தனை பேர் என்ற கணக்கிலே கை வைத்துக் கட்டணத்தைக் குறைப்பவர், கட்டணத்தைக் குறைக்கவில்லை. உயிரின் விலையைக் குறைக்கிறார். பெற்றோர் தரும் தொகை குறையட்டும்; குழந்தைக்குச் செலவாகும் தொகை குறையக் கூடாது. இடைவெளியை நிரப்ப வேண்டியது பொதுப்பணம். இந்த ஒரு பாடத்தை மறந்தால், நல்ல நோக்கமும் நஞ்சாகும்.

இரண்டு கரையும் நடுவே பள்ளமும்

கடலுக்கு அப்பால் அமெரிக்காவிலே கதை வேறு விதமாக நடந்தது. பிரான்சின் வழியை மதிப்பிட அதனையும் ஒரு கண் பார்ப்பது நல்லது.

1861இல் கனெக்டிகட் மாநிலத்திலே பள்ளி நடத்திய ஃபிரெடரிக் கன், தம் மாணவரைக் கூடாரத்தோடு அழைத்துச் சென்றார். 1881இல் எர்னஸ்ட் பால்ச் என்பார் நியூ ஆம்சியர் ஏரித் தீவொன்றிலே முகாம் அமைத்தார். கோடை விடுதிகளிலே சோம்பிக் கிடந்த செல்வர் வீட்டுப் பையன்களுக்கு உழைப்பைக் கற்பிப்பது அவர் நோக்கம். இடையிலே, 1877இல், வில்லார்ட் பார்சன்ஸ் என்னும் பாதிரியார் நியூயார்க் நகரத்து ஏழைப் பிள்ளைகளை நாட்டுப்புறக் குடும்பங்களுக்கு அனுப்பும் தருமத்தைத் தொடங்கினார். ஒரு கரையிலே செல்வர் முகாம். மறு கரையிலே தரும முகாம். நடுவிலே பள்ளம். அந்தப் பள்ளத்திலே நின்றன, தருமத்தை ஏற்கும் அளவு ஏழையுமல்லாத, முகாமுக்குக் கட்டும் அளவு செல்வமுமில்லாத கோடிக்கணக்கான உழைப்பாளர் குடும்பங்கள்.

"அறுவடைக்குப் பிள்ளைகள் வேண்டும் என்பதற்காக வந்ததுதான் கோடை விடுமுறை" என்று அந்நாட்டிலே சொல்வார்கள். ஆராய்ந்தால் அது முழு உண்மையன்று. சிற்றூர்ப் பள்ளிகள் கோடையிலும் குளிர்காலத்திலும் நடந்து, விதைப்புக்கும் அறுப்புக்கும் மூடின. நகரப் பள்ளிகளோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் நடந்தன. நகரத்து வெப்பம், ஓயாப் படிப்பு மூளையைக் கெடுக்கும் என்ற அக்கால நம்பிக்கை, வெளியூர் செல்லும் வசதியுள்ளோரின் வழக்கம் ஆகியவை கூடி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீண்ட கோடை விடுமுறையை உருவாக்கின. வசதியுள்ளோரின் வழக்கத்துக்கு அளந்து தைத்த சட்டை அது. உழைப்பாளியின் உடம்புக்குப் பொருந்தாமல் போனதிலே வியப்பென்ன?

போர் வந்தபோது மட்டும் அந்நாட்டின் கண் திறந்தது. கப்பல் கட்டவும் குண்டு செய்யவும் பெண்கள் வேண்டியிருந்தது. 1943 முதல் நடுவண் அரசே, லான்ஹம் சட்டம் வழியாகப் பணம் தந்து குழந்தைக் காப்பகங்களை நடத்தியது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமிருந்தது. பல காப்பகங்கள் நாளுக்கு 12 மணி நேரம், வாரத்திலே ஆறு நாள், கோடையிலும் திறந்திருந்தன. போர்ட்லாந்து நகரின் கைசர் கப்பல் துறைக் காப்பகங்களோ இருபத்து நான்கு மணி நேரமும் நடந்தன. தாய்க்கு எந்த ஷிப்டோ, பிள்ளைக்கும் அந்த ஷிப்டு. வேலை முடிந்து திரும்பும் தாய், சமைத்த உணவையும் அங்கேயே வாங்கிச் செல்லலாம். முடியாது, முடியாது என்று நூறாண்டு சொன்னது, போர் முழங்கிய மறுநாளே முடிந்தது! 1946இல் நடுவண் அரசின் நிதி நின்றது. காப்பகங்கள் மூடப்பட்டன. தாய்மார் போராடிய கலிபோர்னியா மாநிலத்திலே, மாநில நிதியைக் கொண்டு அவை தொடர்ந்தன. கேட்டவர் பெற்றனர், கேளாதவர் இழந்தனர்.

இன்று அங்கே வேலைக்குப் போகும் பெற்றோர், பனிக்காலத்திலேயே கோடைக்குத் திட்டமிடுகிறார்கள். இந்த வாரம் ஒரு முகாம், அடுத்த வாரம் வேறொன்று, அதற்கடுத்த வாரம் பாட்டி வீடு என்று ஒட்டுப்போட்டுத் தைக்கிறார்கள். மாலை மூன்று மணிக்கே முடிந்துவிடும் முகாம்கள் பல. பகல் முகாம் செலவுக்கு வரிச்சலுகை உண்டு. இரவு தங்கும் முகாமுக்குக் கிடையாது. அச்சலுகையும் வரி கட்டும் அளவு வருவாய் உள்ளவர்க்கே பயன். அதற்கும் கீழே உள்ளவர்க்குக் காகிதம்.

கைதளர்ந்த காலம்

பிரான்சும் அப்படியே நிலைத்து நின்றுவிடவில்லை. 1970களுக்குப் பின் விடுமுறைக் குடில்கள் மெலியத் தொடங்கின. கார் வாங்கிய குடும்பங்கள் தாமே வெளியூர் சென்றன. பழைய மாளிகைகளைப் பாதுகாப்பு விதிக்கேற்பச் செப்பனிடும் செலவு ஏறிற்று. நகராட்சிகள் பல குடில்களை விற்றன. அந்த இடத்திலே நுழைந்தது வாணிபம். குதிரையேற்றம், ஆங்கிலம், அயல்நாட்டுப் பயணம் என்று பெயர் பெருத்தது, விலையும் பெருத்தது. செல்வர் பணம் கட்டி அனுப்பினர். மிக ஏழையர் உதவித் தொகையால் அனுப்பினர். நடுவிலே உள்ளோர் நழுவினர். அமெரிக்காவிலே கண்ட அதே பள்ளம்!

அரசும் அதனை உணர்ந்தது. பெருந்தொற்றின்போது, 2020இல், கற்றலோடு கூடிய விடுமுறைக் குடில்களுக்கு உதவி தந்தது. 2024இல், 11 வயதை எட்டும் பிள்ளைகளுக்கென, குடும்ப வருவாய்க்கேற்ப 200 முதல் 350 யூரோ வரை உதவும் திட்டத்தைத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் கணக்கு இன்னும் நேராகவில்லை. அந்நாட்டிலே ஊதிய விடுமுறை 1956இல் மூன்று வாரமாயிற்று, 1969இல் நான்கு, 1982இல் ஐந்து. பள்ளி விடுமுறையோ ஆண்டு முழுவதும் சேர்த்து 16 வாரம். தாய் ஒரு முறை, தந்தை ஒரு முறை என்று மாறி மாறி எடுத்தாலும் பத்து வாரம்தான். ஆறு வாரம் எஞ்சுகிறது. மாறி மாறி எடுத்த குடும்பமோ, ஒருநாளும் ஒன்றாய் விடுமுறை காண்பதில்லை.

உலகுக்கே வழிகாட்டிய நாட்டின் நிலை இது. பெற்ற உரிமையைப் பேணாவிட்டால் தேயும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

நம் வாயிற்படி

இனி நம் கணக்கைப் பார்ப்போம். 20 நாள் உழைத்தால் ஒரு நாள் ஊதிய விடுமுறை என்பது, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த அளவு. 240 நாள் உழைத்தவனுக்கு 12 நாள். பள்ளியின் கோடை விடுமுறையோ ஐந்தாறு வாரம். பெண் தொழிலாளர் பலர் உள்ள ஆலையிலே பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது. எந்த வயது வரை? ஆறு வயது வரை. சட்டத்தின் அன்பு ஆறாம் பிறந்த நாளோடு முடிந்துவிட்டது! ஏழு வயதுப் பிள்ளை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணினார்கள் போலும். பூட்டிய வீட்டுக்குள் பிள்ளை, அல்லது பூட்டிய வீட்டுக்கு வெளியே பிள்ளை. மே மாதத்து வெயிலிலே, கிணற்றங்கரையும் குளக்கரையும் சாலையோரமுமே அதன் முகாம்.

தருமமாகத் தொடங்கியது உரிமையாக மாறுமா என்று ஐயுறுவோர், நம் நாட்டுப் பள்ளிச் சோற்றின் வரலாற்றைப் பார்க்கட்டும். 1920இல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவளித்தது. 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவை விரித்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதனைச் சத்துணவாக்கியது. 2022இல் காலை உணவும் வந்தது. ஒரு பள்ளியின் தட்டிலே தொடங்கியது நாட்டின் கடமையாயிற்று. இன்று அதனைப் பிச்சை என்று எவரேனும் சொன்னால் நாடு நகைக்கும்.

பள்ளிக் கட்டடம் இருக்கிறது. மே மாதத்திலே பூட்டிக் கிடக்கிறது. சமையற்கூடம் இருக்கிறது, அடுப்பு அணைந்து கிடக்கிறது. ஊர் நூலகத்திலே புத்தகம் இருக்கிறது. படித்துவிட்டு வேலை தேடும் இளைஞரும் யுவதியரும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். இல்லாதது ஒன்றே. இவற்றை இணைக்கும் தீர்மானம்.

தோழர்களே! உங்கள் மன்றத்திலே, உங்கள் படிப்பகத்திலே, வரும் கோடையிலே பத்துப் பிள்ளைகளைக் கொண்டு தொடங்குங்கள். காலை ஷிப்டுக்கு முன்னே கதவு திறக்கட்டும். மாலைச் சங்குக்குப் பின்னே மூடட்டும். நிழலும் குடிநீரும் பகலுணவும் பயிற்சி பெற்ற கண்காணிப்பும் முதற்கண் அமையட்டும்; கதையும் பாட்டும் ஆட்டமும் பின்னே வரட்டும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். நின்றுவிட்டால் நாமும் தராசைத் தூக்கிய கொடையாளர் ஆகிவிடுவோம். நடத்திக் காட்டிய கணக்கேட்டைக் கையிலே எடுத்துக்கொண்டு நகராட்சிக்குச் செல்லுங்கள், ஊராட்சிக்குச் செல்லுங்கள், தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலே, கூலி உயர்வுக்கு அடுத்த வரியிலே, இதனை எழுதச் சொல்லுங்கள். வருவாய்க்கேற்ற கட்டணம், வேலை நேரத்துக்கேற்ற நேரம், பொதுப்பணத்திலே பொதுப்பள்ளியிலே பிள்ளைகளின் கோடை. கேட்பது இவ்வளவுதான்.

அடுத்த ஆண்டும் இறுதித் தேர்வு முடியும். பள்ளி வாயிலிலே அந்தத் தாய் நிற்பாள். "அதுவரைக்கும் இவனை எங்கே விடுறது?" என்பாள். "இங்கேயே விடுங்கள், அம்மா. கதவு திறந்திருக்கும்" என்று விடை சொல்லும் நாள் வேண்டும். தலை நிமிர்ந்து சொல்லும் நாள் வேண்டும்.